கேளுங்கள், சொல்கிறோம்: வீட்டுக் கணினிக்கு மெமரி கூட்டுவது

இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ரேம் (கணினி திறந்து வைத்திருப்பதை எல்லாம் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) பற்றியே கேட்டிருந்தன. அதனால் இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே கொடுத்துவிட்டோம். பிரிண்டர், வைஃபை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுக்காகப் பாவித்த டெல் டெஸ்க்டொப் ஒன்று வாங்கினோம். மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜீபி ரேம், விண்டோஸ் 10. ஸூம் வகுப்பு நடக்கும்போது குரோமில் பாடக் குறிப்பைத் திறந்தால் மௌஸ்கூட நகராது. "இன்னொரு 4 ஜீபி போட்டால் சரி" என்கிறார் கடைக்காரர். போடலாமா?
– ஒரு தாய், கொட்டகலை

போடலாம். ஆனால் காசைக் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கோளாறு ரேமில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மகள் வழக்கமாகத் திறப்பதை எல்லாம் திறந்து வையுங்கள்: ஸூம், குரோமில் நாலைந்து டேப், பாடக் குறிப்பு. அப்படியே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்று, டிஸ்க்கும் 100ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் கடைக்காரர் சொல்வது சரி. ரேமில் இடம் போதாமல், உள்ளே இருப்பதில் ஒரு பகுதியை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ் பைலில் இறக்குவதும் திரும்ப ஏற்றுவதுமாக இருக்கிறது. ரேம் கேட்டதைக் கொடுப்பது நனோசெக்கன் கணக்கில். சுழலும் ஹார்ட் டிஸ்க் கொடுப்பது மில்லிசெக்கன் கணக்கில். கிட்டத்தட்ட ஓர் இலட்சம் மடங்கு வித்தியாசம். மௌஸ் உறைந்து நிற்பது அதனால்தான்.

மெமரி 60, 65 சதவீதத்தில் நிற்க, டிஸ்க் மட்டும் 100இல் இருந்தால் கதை வேறு. அங்கே ரேம் போட்டுப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 அல்லது 256 ஜீபி சாட்டா எஸ்.எஸ்.டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று போடுங்கள். கணினியைப் போட்ட உடனே அளக்க வேண்டாம். அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாம் பின்னால் ஓடி முடிய ஒரு கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அதே மெமரி பக்கத்தின் கீழே எத்தனை ஸ்லொட் (ரேம் செருகும் இடம்) உள்ளன, எத்தனை நிரம்பியிருக்கின்றன, எந்த வேகத்தில் ஓடுகின்றன என்று எழுதியிருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், கடையில் உதவும். உங்கள் டெல்லின் மொடல் ஒப்டிபிளெக்ஸ் 3010 என்றால் இரண்டு ஸ்லொட்தான். அந்தக் காலத்து 7010 என்றால், மிகச் சிறிய கேஸ் வகையைத் தவிர, நான்கு இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் சிஸ்டம் டைப் தெரியும். அங்கே 32 பிட் என்று இருந்தால் எத்தனை ஜீபி போட்டாலும் விண்டோஸ் 4 ஜீபிக்கு மேல் எடுக்காது. அதிலும் பாவிக்கக் கிடைப்பது மூன்றேகால், மூன்றரைதான். 64 பிட் விண்டோஸைப் புதிதாகப் பதிய வேண்டும். 32இலிருந்து 64க்கு மேலாக ஏற்ற வழியில்லை, ஆகவே பிள்ளையின் பைல்களை முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

மொத்தம் 8 ஜீபி உங்கள் மகளுக்குத் தாராளம். 16 போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இது வயதான இயந்திரம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. எனவே பாவித்த 4 ஜீபி ஒன்று, கூடவே ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. அதோடு நிறுத்துங்கள்.

எங்கள் ஊர்க் கடையில் பாவித்த ரேம்களைப் பெட்டியில் குவித்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன. எதைப் பார்த்து எடுப்பது?
– வாசகர், நோர்வூட்

முதலில் வெட்டு. ரேமின் தங்கப் பற்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் தலைமுறைகள் மூன்றுக்கும் அது வெவ்வேறு இடத்தில். டெஸ்க்டொப்பில் டிடிஆர்3க்கு 240 பற்கள், டிடிஆர்4க்கும் 5க்கும் 288. மின்னழுத்தமும் வேறு: 1.5, 1.2, 1.1 வோல்ட். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றது போகாது, போகவும் கூடாது. "கொஞ்சம் அழுத்தினால் போகும்" என்று யாராவது சொன்னால் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். போவது ஸ்லொட்டின் பிளாஸ்டிக்தான்.

அடுத்தது லேபல். பிசி3-12800யூ என்று இருந்தால் டிடிஆர்3, 1600 வேகம். (12800ஐ 8ஆல் வகுத்தால் 1600 வரும், பிசி3-10600 என்றால் 1333.) பிசிக்குப் பக்கத்தில் 3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடக்கூடியது; 1.5 வோல்ட் போர்டிலும் (மதர்போர்ட்) போடலாம். ஆனால் 1.35 மட்டுமே தரும் லேப்டொப்பில் சாதாரண டிடிஆர்3 ஓடாது.

கடைசி எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யூ என்றால் வீட்டு டெஸ்க்டொப்புக்கு உரியது. எஸ் என்றால் லேப்டொப். ஆர் என்றால் சேர்வர் ரேம்; அளவும் வெட்டும் அச்சாக அப்படியே இருக்கும், விலையும் மலிவாக இருக்கும், உங்கள் போர்டில் மட்டும் உயிர் வராது. அதைக் குறைத்துக் கேட்டு வாங்கிவிட்டோம் என்று சந்தோஷப்படாதீர்கள்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. "ஏ.எம்.டி.க்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டு டிடிஆர்3 ரேம் விற்பார்கள். அவற்றின் சிப்கள் நாலு பிட் அகலமானவை. ஏ.எம்.டி. ப்ரொஸெஸர்கள் அவற்றைச் சமாளிக்கும். இன்டெல் வீட்டுக் கணினிகள் சமாளிக்காது. ஏ.எம்.டி. கணினி வைத்திருப்பவருக்கும் அதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். நாளை போர்ட் மாறினால் அந்த ரேம் எதற்கும் உதவாது.

ஜீ41 சிப்செட் உள்ள மிகப் பழைய போர்ட்களுக்கு 4 ஜீபி ரேம் தேடுவோர் சிப்களை எண்ணிப் பாருங்கள். இருபுறமும் எட்டு எட்டாகப் பதினாறு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு உள்ள புதிய வகையை அந்தப் போர்ட் அறியாது.

வேகம் கலந்தால் பயப்பட வேண்டாம். 1333உம் 1600உம் சேர்த்துப் போட்டால் இரண்டும் 1333இல் ஓடும், அவ்வளவுதான். ஒரே அளவில் இரண்டு போடுவது நல்லது. இரட்டைப் பாதை கிடைக்கும், அதாவது ப்ரொஸெஸர் இரண்டையும் ஒரே நேரத்தில் பாவிக்கும். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினிகளில் அது நன்றாகவே தெரியும், ஏனென்றால் திரைக்கான வேலையும் அதே ரேமில்தான் நடக்கிறது. நான்கு ஸ்லொட் உள்ள பெரும்பாலான போர்ட்களில் ஜோடியை ப்ரொஸெஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். டெல், எச்.பி. அலுவலகக் கணினிகளில் இந்த ஒழுங்கு மாறலாம். ஸ்லொட்டின் நிறத்தையும் போர்டில் அச்சிட்ட இலக்கத்தையும் பாருங்கள்.

கேஸைத் தொட்டால் சுள்ளென்று இலேசாக ஷொக் அடிக்கிறது. யூடியூபில் ஒருவர், பிளக்கைக் கழற்றாமல் வைத்துக் கேஸைத் தொட்டுக்கொண்டு ரேம் போடச் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
– லயத்தில் இருந்து ஒரு வாசகர், மஸ்கெலியா

பயப்பட வேண்டிய விடயந்தான். அந்த யூடியூப்காரர் தன் வீட்டுச் சுவரில் நல்ல ஏர்த் இருக்கிறது என்ற நினைப்பில் சொல்கிறார். உங்கள் பிளக்கில் ஏர்த் வேலை செய்யவில்லை. அதனால்தான் ஷொக்.

பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைவ் வயரிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் கேஸுக்கு வரும். ஏர்த் இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேஸ் 230 வோல்ட்டில் பாதியளவில் நிற்கும். ஒரு மில்லியம்பியருக்கும் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு முடிகிறது. நாளை உள்ளே உண்மையிலேயே ஒரு வயர் கழன்று கேஸைத் தொட்டால் இப்படி இலேசாக முடியாது. ஏர்த் இல்லாத வீட்டில் ட்ரிப் சுவிட்ச்சும் யாராவது தொட்டு மின்சாரம் உடம்பினூடாகப் பாயும்போதுதான் விழும். வயர்மேன் ஒருவரை அழைத்து ஏர்த்தைச் சரிபார்ப்பது ரேமைவிட அவசரம்.

ரேம் போடும் முறை இதுதான். கணினியை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றுங்கள். மொனிட்டர், பிரிண்டர் வயர்களையும் கழற்றுங்கள். கரண்ட் அந்த வழியாகவும் வரலாம். பின் பவர் பொத்தானைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடித்தால் மிச்சம் நிற்கும் மின்சாரம் வடியும். போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை கை வைக்காதீர்கள். பிளக்கில் இருக்கும் வரை, கணினி நின்றிருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடும். அந்த நேரத்தில் ரேமைச் செருகினால் ரேமும் போகலாம், போர்டும் போகலாம்.

கம்பளிச் சுவெட்டரைக் கழற்றிவிடுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் நிலைமின் அவ்வளவாகச் சேராது. ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டும் வறண்ட நாட்களில் சுவெட்டர் சடசடக்கும், அந்தக் கையால் ரேமைத் தொடக்கூடாது. கேஸின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமை இரு ஓரங்களிலும் பிடித்து எடுங்கள். ஸ்லொட்டின் கிளிப்களை வெளிப்பக்கம் தள்ளி, வெட்டைப் பொருத்தி, இரு பெருவிரல்களாலும் ஒரே நேரத்தில் நேராக அழுத்துங்கள். கிளிப் தானாக நிமிர்ந்து "டிக்" என்று பூட்ட வேண்டும். நீங்கள் தள்ளிப் பூட்டினால் அது பூட்டல்ல.

கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி கணினிக்கு இரண்டாவது ரேம் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை, நீளமாகக் கத்துகிறது. போர்ட் போய்விட்டதா?
– வாசகர், இராகலை

கத்துகிறது என்றால் போர்ட் உயிரோடு இருக்கிறது. ப்ரொஸெஸர் இயங்கி, பயோஸை (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) படித்து, ரேமைத் தேடிக் காணாததால்தான் கத்துகிறது. ஒலியின் கணக்கு பயோஸுக்குப் பயோஸ் மாறும். திரும்பத் திரும்ப நீளமாகக் கத்துவது பல போர்ட்களில் ரேம் கோளாறுதான்.

இந்தக் கோளாறுக்கு மிகச் சாதாரணமான காரணம், ரேம் ஒரு முனையில் சரியாக அமராமல் இருப்பது. கண்ணுக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றி இரண்டையும் எடுங்கள். பழையதை மட்டும் அதன் பழைய ஸ்லொட்டில் போட்டு இயக்குங்கள். படம் வந்தால், நிறுத்திவிட்டு அதே ஸ்லொட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். புதியதும் தனியாக ஓடினால் இரண்டாவது ஸ்லொட்டில் தூசு, அல்லது இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. புதியது தனியாகவும் ஓடாவிட்டால் கடைக்குத் திருப்புங்கள். பழையதே இப்போது ஓடவில்லை என்றால் கை பட்டதில் பற்கள் அழுக்காகியிருக்கும், அல்லது ஸ்லொட்டில் ஏதோ விழுந்திருக்கும்.

உங்கள் பக்கத்து மூடுபனிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தங்கம் துருப்பிடிக்காது என்றாலும் பற்களின் மேலுள்ள பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்ணிய துளைகள் வழியே ஈரம் அடியிலுள்ள உலோகத்தை அடைந்து ஒரு படலத்தை ஏற்படுத்தும். யன்னலோரம் வைத்த கணினி இரண்டு மூன்று மழைக்காலங்களில் ஒருநாள் காலையில் கத்துவது இதனால்தான். பென்சில் எழுத்தை அழிக்கும் மெதுவான வெள்ளை அழிறப்பரால் பற்களை நீளவாக்கில் நாலைந்து முறை தேயுங்கள். பேனா மை அழிக்கும் கரடுமுரடான நீலப் பக்கம் வேண்டவே வேண்டாம், அது தங்கத்தையே வழித்துவிடும். தூளை ஸ்லொட்டுக்கு மேலே வைத்துத் தட்டாதீர்கள், தூர வைத்துத் தட்டுங்கள். பிறகு ஐஸோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட நூலில்லாத துணியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். மருந்துக் கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பாவிக்கும் பழக்கம் இருக்கிறது. அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு. துடைத்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும்.

இன்னும் வரவில்லையென்றால் போர்டிலுள்ள காசு வடிவ பற்றரியை (சீ.ஆர்.2032) பிளக் கழற்றிய நிலையில் ஒரு பத்து நிமிடம் எடுத்து வைத்துப் போடுங்கள். பழைய ரேமுக்கான அமைப்பு மறந்துபோகும். திகதியும் நேரமும் மாறியிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

கத்தவே கத்தாத கணினிக்கு ஒரு சோதனை: எல்லா ரேமையும் எடுத்துவிட்டு இயக்குங்கள். கத்தினால் போர்ட் நல்லது. கத்தாவிட்டால் முதலில் போர்டில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பலவற்றில் இல்லை. புதிய டிடிஆர்5 கணினி வைத்திருப்பவர்கள் முதல் தடவை சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு காத்திருக்க வேண்டும். போர்ட் ரேமைப் பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டு நிறுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பென்டிரைவை ரேமாகப் பாவிக்கலாமாமே?
– மாணவர், லிந்துலை

ரெடிபூஸ்ட் என்று விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்தது. அது ரேம் ஆகாது. மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சின்னக் கைத்தடி. பென்டிரைவில் பாடங்களைச் சேமியுங்கள். "ரேம் பூஸ்டர்" மென்பொருள்களையும் அழித்துவிடுங்கள்.

அக்கா பல்கலைக்கழகத்துக்குப் பாவித்த லேப்டொப் எனக்கு வந்திருக்கிறது. 4 ஜீபி. கூட்ட முடியுமா என்று எப்படிப் பார்ப்பது?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

தங்கச்சி, திறப்பதற்கு முன்பே டாஸ்க் மேனேஜர் பாதி சொல்லிவிடும். மெமரி பக்கத்தில் ஃபோர்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "சோடிம்" என்று இருந்தால் கழற்றக்கூடிய ரேம். "ரோ ஒஃப் சிப்ஸ்" என்றால் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது. சில மொடல்களில் 4 ஜீபி ஒட்டியும் பக்கத்தில் ஒரு வெற்று ஸ்லொட்டும் இருக்கும். மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு நிறுவனத்தின் தளத்தில் உச்சபட்ச மெமரி எவ்வளவு என்று பாருங்கள்.

ஸ்லொட் இருந்தால் வேலை சுலபம். லேப்டொப் டிடிஆர்3க்கு 204 பற்கள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. அடிப்பக்க ஸ்குரூக்களைக் கழற்றும்போது ஒரு தாளில் லேப்டொப்பின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். நீளங்கள் வேறுபடும், நீளமானது குட்டை இடத்தில் போனால் கைத்தாங்கல் தட்டு பிதுங்கும். மூடியைக் கிளப்ப இரும்பு வேண்டாம், பழைய ரீலோட் அட்டை போதும். திறந்ததும் முதல் வேலை பற்றரி வயரைக் கழற்றுவது.

ரேமை 30 பாகை அளவில் சரித்துச் செருகுங்கள். தங்கப் பற்கள் கிட்டத்தட்ட மறைய வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கைகளும் பிடித்துக்கொள்ளும். ஒட்டிய 4 ஜீபியோடு 8 ஜீபி போட்டு 12 ஆக்கலாம். அதில் 8 ஜீபி இரட்டைப் பாதையிலும் மிச்சம் ஒற்றைப் பாதையிலும் ஓடும். குறையொன்றுமில்லை.

8 ஜீபியை 16 ஆக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. இப்போது நீலத் திரை வந்து தானாக மறுபடி தொடங்குகிறது, ஒருநாள் வேர்ட் பைல் ஒன்றும் கெட்டுப்போனது.
– ஆசிரியர், பண்டாரவளை

பைல் கெட்டுப்போனது என்றதும் வேலையை நிறுத்துங்கள், சேர். கெட்ட ரேம் கணினியை நிறுத்துவதோடு விடாது; அதன் வழியே போகும் எதையும் சத்தமில்லாமல் மாற்றி எழுதும். பரீட்சைப் புள்ளிப் பட்டியலை அதில் திறக்காதீர்கள். புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதோடு வேலை பாருங்கள்.

சோதிக்க, விண்டோஸிலேயே மெமரி டயக்னோஸ்டிக் இருக்கிறது. தேடும் இடத்தில் பெயரைத் தட்டினால் வரும். அது மேலோட்டமானது. மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை மென்பொருள் இலவசம். அதைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். காலையில் ஒரேயொரு பிழை இருந்தாலும் ரேம் தோல்விதான். "ஒன்றுதானே" என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல விடாதீர்கள். திரையைப் படம் எடுத்துப் பில்லோடு கொண்டுபோங்கள். இரண்டு ரேமையும் சேர்த்து வைத்துப் பிழை வந்தால், ஒவ்வொன்றையும் தனியே வைத்து மறுபடி ஓட்டினால்தான் எது குற்றவாளி என்று தெரியும். தனித்தனியே இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால், பயோஸில் எக்ஸ்.எம்.பி.யை (ரேமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) நிறுத்தி வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இப்போது வாங்குவதா, விலை இறங்கும் வரை பொறுப்பதா? கொழும்புக்குப் போய் வாங்கினால் இலாபமா?
– வாசகி, பதுளை

2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. குருஷல் என்ற பெயரில் வீட்டுப் பாவனைக்கு ரேம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இறங்கும் என்று நம்பிப் பிள்ளையின் படிப்பை ஒத்திவைப்பது சரியாகப் படவில்லை. தேவை 8 ஜீபி என்றால் 8ஐ வாங்குங்கள். "பிறகு உதவும்" என்று 32 வாங்க இது நேரமல்ல.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் விலை கேட்டு ஒப்பிடலாம். ஒரேயொரு ரேமுக்காகப் பதுளையிலிருந்து போய் வந்தால் மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். பழுதானால் மாற்ற இன்னொரு பயணம் வேறு. நூறு, இருநூறு கூடினாலும் ஊர்க் கடைதான் எங்கள் தெரிவு. பில்லில் ரேமின் சீரியல் இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள், மேலே ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள். சொப்பிங் பேக்கில் போட வேண்டாம், பிளாஸ்டிக் உரசி நிலைமின் ஏறும். வெள்ளிநிற உறை இல்லாவிட்டால் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு போகலாம்.